ஒரு மீட்டருக்கு நாற்பது மீட்டர்

மரக்காணத்தை ஒட்டிய கழுவெளிக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி 2024 ஆகஸ்ட்டில் கிடைத்தது. 2021 டிசம்பரிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. பட்டம் வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் பட்டத்தால் ஒரு சொட்டு நீரும் ஊறாது. பறவைகளைவிட, சேற்றுக்கு அடியில் நடப்பதுதான் என்னை இழுக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றுவட்டார ஏரிகள் வழிந்து கழுவெளி நன்னீரால் நிறையும். கோடையில் அது வற்ற வற்ற, முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறும். உப்புநீர் கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பளங்களில் இந்தக் கனத்தைக் கண்ணால் பார்க்கலாம். பாத்தித் தண்ணீரில் கண்ணாடிக் குழல் ஒன்றை மிதக்கவிட்டு, கனத்தை டிகிரியில் பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரியை ஒட்டி நிற்கும். வெயிலில் சுண்டி 25-ஐத் தொட்டால் உப்பு விழத் தொடங்கும்.

நிலத்துக்கு அடியிலும் இதே கணக்குதான். நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீருக்கு 1.025. வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. கடலோர மண்ணில் இறங்கிய மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதன் மட்டம் கடல்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே நின்றால், அடி 40 மீட்டர் கீழே இறங்கி நிற்கும்! சரக்கேற்றிய தோணியை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கை இறக்கினால் தோணியின் அடி மேலே வரும். இந்தத் தோணிக்குப் பலகை கிடையாது. தோணியும் நீர், சரக்கும் நீர். ஏறி உட்கார்ந்திருக்கும் நாமோ தாகத்துக்குத் தோணியையே மொண்டு குடிக்கிறோம். மோட்டார் போட்டு மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், உப்பு 20 மீட்டர் ஏற இடம் கிடைத்துவிடுகிறது.

கீபன் என்ற டச்சுக்காரர் 1880-களின் கடைசியிலும், ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901-லும் இதைத் தனித்தனியே எழுதினார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

சூத்திரத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நடுவே களிமண் அடுக்கு இருந்தால் கணக்கு மாறும். உப்பு ஒரே நாளில் ஏறாது, ஏறியது சீக்கிரம் இறங்கவும் செய்யாது. அதனால் அது ஏறுமுன்பே மழைநீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும். ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்துச் செம்மண் மேடு இதனால்தான் முக்கியம். மரமில்லாத அந்த மேட்டில் மழை பள்ளம் பறித்துக் கடலுக்கு ஓடியது. 1968-க்குப் பிறகு ஆரோவில்காரர்களும் ஊர்க்காரர்களும் வரப்புப் போட்டு மரம் நட்டார்கள். அங்கே தேங்கி மண்ணுக்குள் இறங்கும் மழை, தோணிக்குச் சரக்கு.

கழுவெளியில் பறவைகளை எண்ணும்போதே, சுற்றியுள்ள கிணறுகளில் ஆழத்துக்கு ஆழம் உப்பளவும் எடுக்க வேண்டும். பம்புநீர் நாக்கில் கரிப்பதற்கு வெகுமுன்பே, கீழிருந்து ஏறிவரும் உப்பு அந்த அளவில் தெரிந்துவிடும்.