விரலுக்கேற்ற வீக்கம்

மனிதனுக்கு மூச்சு எவ்வளவு இன்றியமையாததோ, மோட்டார் என்ஜினுக்கும் அவ்வளவு இன்றியமையாதது. காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை உள்ளிழுத்து, எரித்து, புகையை வெளியே தள்ளுவதே அதன் தொழில். எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று கட்டளையிடும் உறுப்பின் பெயர் கேம் ஷாப்ட்.

அது ஓர் இரும்புத் தண்டு. முட்டை வடிவப் புடைப்புகள் அதில் வரிசையாக இருக்கும். தண்டு சுழலும்போது ஒவ்வொரு புடைப்பும் ஒரு வால்வைத் திறந்து மூடும். கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு சுற்று சுற்றும். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

வேகம் 6,000 சுற்றானால், பிஸ்டன் கீழே இறங்க எடுக்கும் நேரம் ஒரு வினாடியில் 200இல் ஒரு பங்குதான். அதற்குள் சிலிண்டர் நிறைவது கடினம். ஆகவே பந்தயக்காரர்கள் வால்வை முன்னதாகத் திறந்து, தாமதமாக மூடும் கேம் ஷாப்டைப் பொருத்துகிறார்கள். உதாரணமாக, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 12 பாகை முன்னே திறந்து, அடியைத் தாண்டி 52 பாகையில் மூடும் வால்வு, 12+180+52, அதாவது 244 பாகை திறந்திருக்கும். அதையே 25, 65 என்று மாற்றினால் 270 பாகை ஆகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் பள்ளி வாசலை நினைத்துப் பாருங்கள். காலை வகுப்பினர் வெளியேறும்போதே பிற்பகல் வகுப்பினர் நுழைந்தால் என்ன ஆகும்? எல்லாரும் ஓட்டமாக ஓடினால், முன்னே போகிறவர்களின் வேகம் பின்னே வருகிறவர்களையும் இழுத்துச் செல்லும். மெதுவாக நடந்தாலோ முட்டி மோதிக்கொள்வார்கள். என்ஜினிலும் உள்வால்வும் புகைவால்வும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். மேற்சொன்ன முதல் கேம் ஷாப்டில், புகைவால்வும் 12 பாகை தாண்டி மூடினால், அது 24 பாகை. இரண்டாவதில் அதே முறைப்படி 50 பாகை. அதிவேகத்தில் இது நன்மை. குறைந்த வேகத்தில் புகை உள்ளே திரும்பும், எரியாத பெட்ரோல் வெளியே போகும், என்ஜின் நின்ற இடத்தில் நடுங்கும்.

நம் நாட்டுக்குத் தெரிந்த சான்று ஒன்றைக் கூறுகிறேன். சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 948 கன சென்டிமீட்டர் என்ஜினுடன் ஹெரால்டு கார்களைச் செய்தது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அவையும் ஓடின. இங்கிலாந்தில் 1147 கன சென்டிமீட்டர் என்ஜின் கொண்ட ஹெரால்டு 1200 தந்த திறன் 39 குதிரைத் திறன். ஹெரால்டு அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962இல் செய்த ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே அளவு என்ஜின்தான். ஆனால் 63 குதிரைத் திறன் தந்தது. கேம் ஷாப்ட் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. இரட்டைக் கார்புரேட்டர், கூடுதல் அமுக்க விகிதம், திருத்திய புகைக்குழாய் எல்லாம் சேர்ந்தே செய்தன.

என் அண்ணன் இரண்டு ஆண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய ஹெரால்டு வாங்கினான். அதை ஸ்பிட்ஃபயராக்க வேண்டும் என்பது அவன் ஆசை. 300 பாகைப் பந்தயக் கேம் ஷாப்டை வரவழைக்க இருந்தான். மெக்கானிக்கான எங்கள் பெரியப்பா அவனிடம் ஒன்றே கேட்டார்: "தம்பி, இந்த வண்டி எந்த வேகத்தில் ஓடப்போகிறது?" பிள்ளைச்சாவடியிலிருந்து கோட்டக்குப்பம் நெரிசலைக் கடந்து பாட்டியை ஜிப்மருக்கு அழைத்துச் செல்லும் வண்டி அது. வேகத்தடைக்கு வேகத்தடை இரண்டாம் கியரில் ஊரும்போது, 4,000 சுற்றுக்கு மேல் மட்டும் பலம் காட்டும் என்ஜினால் என்ன பயன்? அண்ணன் இரவெல்லாம் யோசித்து, 270 பாகை அளவுள்ளதைத் தேர்ந்தெடுத்தான்.

கேம் ஷாப்ட் மாற்ற விரும்புவோர் கவனிக்க வேண்டியவை இவை:

1. பெரும்பாலும் எந்த வேகத்தில் ஓட்டுவோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

2. புதுக் கேம் ஷாப்டுக்குப் புது டேப்பெட்டுகளே வேண்டும். தேய்ந்த பழையவை அதையும் அரித்துவிடும்.

3. வால்வு அதிகம் உயர்ந்தால் பிஸ்டனில் இடிக்கலாம். இடைவெளியை அளந்து பார்த்து, ஏற்ற ஸ்பிரிங்குகளைப் போட வேண்டும்.

4. கார்புரேட்டரும் புகைக்குழாயும் பழையபடியே இருந்தால் கேம் ஷாப்டின் பலன் முழுதும் கிடைக்காது.

5. வெற்றிட உதவியால் இயங்கும் பிரேக் உள்ள கார்களில், பந்தயக் கேம் ஷாப்ட் அந்த வெற்றிடத்தைக் குறைத்து மிதியைக் கடினமாக்கும். இது உயிர் சம்பந்தப்பட்டது.

6. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. புகைச் சோதனையிலும் தேற வேண்டும். ஆகவே போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை இருக்கிறது. ஊர்ச் சாலையோ நடப்பவருக்கும், சைக்கிளில் வருபவருக்கும், மீன்கூடை சுமப்பவருக்கும் பொது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று பெரியோர் சொன்னது என்ஜினுக்கும் பொருந்தும். தோழியரே, திறமை என்பது மிகப் பெரியதை வாங்குவதில் இல்லை. நம் தேவையை அளந்து அதற்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி