துறைமுகமும் தொழுவமும்

சென்னைக்கு வடபால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய கடற்கரை ஊர்களின் வழியே சரக்குப் பெட்டிகள் இரவும் பகலும் சென்ற வண்ணமாக இருக்கின்றன. ராயபுரத்தை அடுத்துச் சென்னைத் துறைமுகமும், எண்ணூரில் 2001ஆம் ஆண்டு முதல் காமராஜர் துறைமுகமும் வியாபாரம் நடத்தி வருகின்றன. இவ்வியாபாரத்துக்கும் உள்நாட்டுக் குடியானவரின் தொழுவத்துக்கும் யாது சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். சரக்கு ஏறும் கப்பலில் நோயும் ஏறும் என்பதே அச்சம்பந்தம்.

1920ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து பிரேசில் தேசத்துக்கு அனுப்பப்பட்ட திமில் மாடுகள், வழியில் பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றினின்று வெக்கை நோய் அந்நாட்டு மந்தைகளிற் பரவிற்று. இதனால் விழிப்படைந்த அரசாங்கங்கள் 1921இல் பாரிஸ் நகரில் கூடி ஆலோசித்தன. 1924ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி 28 நாடுகள் உடன்படிக்கை செய்து ஒரு பொது நிலையத்தை நிறுவின. அதுவே இன்று உலக விலங்கு நல அமைப்பு என வழங்குவது. ஒரு நாட்டில் கொடிய கால்நடை நோய் புதிதாகக் கண்டால், அதை மறையாது 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்பது அதன் விதி.

இவ்வொற்றுமையின் பலனை நம் நாடு நேரே கண்டிருக்கிறது. வெக்கை கண்ட மாடு கடுஞ்சுரமும் வாய்ப்புண்ணும் பேதியும் கொண்டு சில நாட்களில் மடியும். ஏர் மாடுகளை இழந்த குடும்பம் அவ்வாண்டு உழவையே இழக்கும். முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ் என்பார் ஆட்டில் வளர்த்து ஆக்கிய தடுப்பு மருந்தும், பின்னர்க் கென்யாவில் பிளவ்ரைட் என்பார் கண்ட தடுப்பு மருந்தும் இந்நோயை அடக்க உதவின. இந்தியாவில் 1995க்குப் பின் இந்நோய் தோன்றவில்லை. ஆயினும் தடுப்பூசியை நிறுத்தி, நோய் எங்கும் ஒளிந்திருக்கவில்லை என்று கிராமந்தோறும் தேடிக் காட்டிய பின்னரே, 2006இல் நம் நாடு நோய்த் தொற்று நீங்கியதென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 2011இல் உலகம் முழுவதும் வெக்கை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

உணவுப் பொருள்களுக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. உலக உணவு, சுகாதார நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து நிறுவிய உணவுத் தர ஆணையம் 1963இல் முதன்முறை கூடிற்று. பாலிலும் இறைச்சியிலும் மருந்தெச்சம் எவ்வளவுக்கு மேற்படலாகாது என்பது போன்ற அளவுகளை அது வகுக்கிறது. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக உடன்படிக்கையின்படி, உடல்நலத்தின் பொருட்டு ஒரு நாடு அயல்நாட்டுச் சரக்கைத் தடுக்கலாம். ஆனால் தக்க சாஸ்திரீயக் காரணம் வேண்டும். நம் நாட்டுக்குள் வரும் கால்நடைகளை 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சோதிக்கும் நிலையம் ஒன்று சென்னையிலும் உண்டு.

ஏற்றுமதிச் சரக்குக்கு நற்சான்று எழுதும் மருத்துவர் ஒவ்வொரு தொழுவத்தையும் நேரிற் பார்த்தவரல்லர். கிராமங்களிலிருந்து வரும் அறிக்கைகளை நம்பியே அவர் கையொப்பமிடுகிறார். விலை போய்விடுமென்று அஞ்சி நோயுற்ற மாட்டை ஒருவர் மறைத்துச் சந்தையில் விற்றால், நோய் பல ஊர்களுக்குப் பரவும். அயல்நாட்டார் நம் சான்றையும் நம்பார். கோமாரி இன்னும் நம்மிடை நீங்காதிருப்பதால், பல நாடுகள் நம் கால்நடைப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன என்பது கருதத்தக்கது.

ஆகையால் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்:

(1) தொற்றுநோய் என்று ஐயம் தோன்றியவுடன் உரிமையாளர் கிராம அதிகாரிக்கேனும் பஞ்சாயத்துக்கேனும் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழியையே வகுத்துள்ளது.

(2) நோயுற்ற கால்நடையைப் பிரித்துக் கட்ட வேண்டும். சந்தைக்கோ பொது மேய்ச்சலுக்கோ ஓட்டலாகாது.

(3) 2019 முதல் தேசியத் திட்டத்தின்படி மாடு, எருமைகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை போடப்படும் கோமாரித் தடுப்பூசியைத் தவறவிடலாகாது.

(4) மருந்து கொடுத்த மாட்டின் பாலை, மருத்துவர் குறித்த நாட்கள் கழியுமுன் விற்கலாகாது.

வெக்கையை ஒழித்தது தடுப்பு மருந்து மட்டுமன்று. நோய் கண்ட இடத்தை மறையாது சொன்ன குடியானவரின் வாய்மையும் சேர்ந்தே அதனை ஒழித்தது. கோமாரிக்கும் அவ்வழியே உரியதாகும்.