சோளக்கொல்லையில் ஆட்டை எப்போது விடலாம்?

வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்களில் பலருக்கு மானாவாரிக் கொல்லையும் உண்டு. வீட்டுக்குத் தானியமும் வேண்டும், பட்டிக்குத் தீவனமும் வேண்டும். அங்கிருந்துதான் இந்தச் சந்தேகங்கள்.

ஒரே விதைப்பில் மேய்ச்சலும் தானியமும் எடுக்க முடியுமா?

அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் கோதுமையை அப்படித்தான் எடுக்கிறார்கள். செப்டம்பரிலேயே விதைத்து, குளிர்காலத்தில் மாடு மேய்த்து, தண்டு நீளத் தொடங்கும்போது மாட்டை வெளியே ஓட்டிவிட்டு, ஜூனில் அறுக்கிறார்கள். நம் வெயிலுக்குக் கோதுமை ஒத்துவராது. நமக்கு இரண்டும் தருவது சோளம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 30 ரகம் தானியம், தீவனம் இரண்டுக்கும் ஏற்றது. ஆனால் இங்கே முதலில் கதிர், பிறகுதான் தட்டை.

இளம்பயிரில் கொஞ்ச நேரம் மேய்ந்தால் என்ன?

விடவே விடாதீர்கள். இளஞ்சோளத்தில் தூரின் என்ற பொருள் இருக்கிறது. ஆடு மென்று விழுங்கியதும் அது சயனைடாக மாறும். முழங்கால் உயரப் பயிர், மழையில்லாமல் நண்பகலில் இலை சுருண்டு நிற்கும் பயிர், அதன்மேல் மழை விழுந்து புதிதாக விட்ட துளிர், அறுத்த தாளில் கிளம்பும் மறுதாம்பு எல்லாவற்றிலும் நஞ்சு அதிகம். யூரியா கூடினால் இன்னும் ஏறும். பயிர் கலைக்கும்போது பிடுங்கியதை வீணாக்க மனமில்லாமல் ஆட்டுக்கு அள்ளிப் போடுகிறோமே, அதுவும் ஆபத்துதான். பூத்த பிறகு நஞ்சு குறையும். நன்றாகக் காய்ந்த தட்டையில் பெருமளவு போய்விடும்.

தின்றுவிட்டால்?

மூச்சு வாங்கும், தள்ளாடி விழும். உதட்டைப் புரட்டிப் பார்த்தால் ஈறு செக்கச்செவேலென்று இருக்கும். நிமிடக் கணக்கில் உயிர் போய்விடும். மற்ற ஆடுகளைக் கொல்லையிலிருந்து ஓட்டிவிட்டு உடனே கால்நடை உதவி எண் 1962-க்குப் பேசுங்கள். மாற்று மருந்தைக் கால்நடை மருத்துவர்தான் ஊசியாகப் போட வேண்டும்.

எந்தப் பட்டத்தில் விதைப்பது?

கோ 30-க்கு 100 முதல் 105 நாள். ஆடிப்பெருக்கன்று விதைத்தால் அறுப்பு ஐப்பசிக் கடைசியில் வரும். அடைமழையில் கதிர் பூசணம் பிடிக்கும், தட்டை அழுகும். பருவமழை இங்கே இரண்டு என்பதால் புரட்டாசி நடுவிலும் ஈரம் இருக்கும். அப்போது விதைத்தால் பொங்கலை ஒட்டி அறுப்பு. ஈரம் கிடைத்த உடனே விதையுங்கள், தள்ளிப்போனால் குருத்து ஈ புகுந்துவிடும். அறுத்த தட்டையைத் தை வெயிலில் சடசடவென்று ஒடியும்வரை காயவைத்துப் போர் போட்டால், கோடையில் புல் கருகும் மாதங்களுக்கு உதவும்.