வான்வழி தூரம் வேறு, பயண தூரம் வேறு: டிக்கெட் எடுக்கும் முன் தெரிந்துகொள்வோம்

பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்கு எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் தேடினால், வான்வழி தூரம் சுமார் 240 கிலோமீட்டர் என்று வரும். "இவ்வளவுதானா? மூன்று மணி நேரத்தில் போய்விடலாமே" என்று நினைக்கத் தோன்றும். அவசரமாகக் கிளம்பும் குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான்.

அந்த 240 கிலோமீட்டர், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தையும் கோத்தா பாருவின் பெங்காலான் செப்பா விமான நிலையத்தையும் இணைக்கும் நேர்கோடு. வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூல் பிடித்து அளந்தது போலத்தான். நடுவே தித்திவாங்சா மலைத்தொடர் நிற்பது அந்தக் கணக்கில் வராது.

காரில் போனால் பட்டர்வொர்த், கிரிக், ஜெலி வழியாக 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்ட வேண்டும். கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு - மேற்கு நெடுஞ்சாலை 1982இல்தான் திறக்கப்பட்டது. அது மலையும் காடும் நிறைந்த பாதை. பனிமூட்டம் இறங்கும், யானைகள் சாலையைக் கடக்கும். 2025 ஜூன் 9ஆம் தேதி அதிகாலை இதே நெடுஞ்சாலையில் நடந்த பேருந்து விபத்தில் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். கிலோமீட்டரை மட்டும் பார்த்து இரவில் விரைந்து ஓட்டும் சாலை அல்ல இது.

விமானத்தில் போனால்? நேரடிச் சேவை கிடைக்கும் நாளில் பயணம் சுலபம். இல்லையென்றால் கோலாலம்பூர் போய் மாற வேண்டும். பினாங்கிலிருந்து கே.எல்.ஐ.ஏ.வுக்குச் சுமார் 325 கிலோமீட்டர். அங்கிருந்து கோத்தா பாருவுக்குச் சுமார் 385 கிலோமீட்டர். மொத்தம் 710. அதாவது நேர்கோட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இதில் காத்திருக்கும் நேரம் சேரவில்லை.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். பினாங்கிலிருந்து சென்னைக்கு வான்வழி தூரம் சுமார் 2,370 கிலோமீட்டர். கோலாலம்பூர் வழியாகப் போனால் 2,950 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். முதலில் தெற்கே பறந்து, பிறகு வடமேற்கே திரும்ப வேண்டியிருப்பதே காரணம். 2024 டிசம்பர் 21ஆம் தேதி இண்டிகோ நிறுவனம் சென்னை - பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியபோது வடமாநிலத் தமிழர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, நீங்கள் போகும் நாளில் நேரடி விமானம் உண்டா? சில தடங்களில் தினமும் சேவை இருக்காது.

இரண்டாவது, மாறிப் போவதென்றால் இரண்டு பயணமும் ஒரே பதிவில் உள்ளனவா? தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது, பெரும்பாலும் புது டிக்கெட் செலவு உங்கள் தலையில்தான் விழும். பெட்டியையும் நீங்களே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டிவரும்.

மூன்றாவது, வீட்டு வாசலிலிருந்து மொத்தம் எத்தனை மணி நேரம்? கெடா தோட்டப்புறத்திலிருந்து வருபவர் பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் சேர வேண்டும். பதிவு முகப்பு, விமானம் கிளம்புவதற்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும்.

இறுதிச் சடங்குக்கோ மருத்துவமனைக்கோ ஓடும்போது கிலோமீட்டர் உதவாது. மணிக்கணக்கைப் பார்த்துக் கிளம்பினால்தான் முகம் பார்க்க முடியும்.