எருக்கலை வண்ணத்துப்பூச்சி: வீட்டருகே அவதானித்தலும் படம்பிடித்தலும்

தோட்ட வேலியோரத்தில் நிற்கும் எருக்கலையில், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் கலந்த வரிகளையுடைய புழுக்கள் இலைகளைத் தின்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். வேலிக்கு அருகே கத்தரியோ மிளகாயோ காய்க்குந் தறுவாயில் நிற்குமானால், இப்புழு நாளை பயிருக்குத் தாவிவிடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பே. உடனே தெளிகருவியை எடுத்து வேலி முழுவதற்கும் பூச்சிநாசினி தெளிப்பாரும் உளர். அச்செலவு வீண் செலவாகும். அதனால் விளையும் நட்டமோ செலவினும் பெரிது. ஆதலால், இப்பூச்சி யாது என்பதை ஒவ்வொருவரும் கண்ணாரக் கண்டு அறிந்துகொள்ளல் நன்று.

இப்பூச்சி யாது?

இப்புழு வளர்ந்து செம்மஞ்சள் நிறமான வண்ணத்துப்பூச்சியாகும். எருக்கலையில் வளர்வதால் இதனை எருக்கலை வண்ணத்துப்பூச்சி எனலாம். விரித்த சிறகுகளின் அகலம் ஏறக்குறைய 3 அங்குலம். முன்சிறகின் நுனி கறுப்பாகவும், அக்கறுப்பில் வெண்ணிறப் பட்டையொன்று உடையதாகவும் இருக்கும். தலையும் மார்பும் கறுத்து வெண்புள்ளிகள் பெற்றிருக்கும். பின்சிறகின் நடுவே பெண்பூச்சிக்கு 3 கரும்புள்ளிகளும் ஆண்பூச்சிக்கு 4 கரும்புள்ளிகளும் உள்ளன. வட அமெரிக்காவிற் புகழ்பெற்ற மொனாக் வண்ணத்துப்பூச்சி இதன் நெருங்கிய இனமாகும்.

வாழ்க்கை வட்டம்

பெண்பூச்சி இலையின் அடிப்புறத்தில் வெண்ணிற முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். சில நாள்களில் முட்டை பொரித்துச் சிறு புழு வெளிவந்து, முதலில் முட்டைக் கோதையே உண்ணும். பின்னர் இலையை உண்ணத் தொடங்கும். எருக்கலைப் பால் பெருகினால் புழுவின் வாய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அது இலையில் வளைவாக ஒரு வெட்டு இட்டுப் பால் வருவதைத் தடுத்து, அதன்பின் அப்பகுதியைத் தின்னும். முதிர்ந்த புழு ஒன்றரை அங்குலம் வரை நீளும். அதன் முதுகில் கறுத்த கொம்பு போன்ற மெல்லிய உறுப்புகள் 3 சோடி உண்டு. பின்பு அது தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். கூட்டுப்புழு பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். அதில் பொன்னிறப் புள்ளிகள் மின்னும். முட்டை தொடக்கம் வண்ணத்துப்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும்.

எருக்கலையின் நஞ்சு புழுவின் உடலிற் சேர்ந்து, வண்ணத்துப்பூச்சியிலும் தங்கிவிடுகின்றது. ஒருமுறை தின்று அருவருத்த பறவை மறுமுறை அதனைத் தீண்டாது. இப்பூச்சி அஞ்சாது மெல்லெனத் தாழப் பறப்பதன் காரணம் இதுவே.

பயிருக்குத் தீங்கு செய்யுமா?

செய்யாது. இப்புழு எருக்கலை, வேலிப்பருத்தி முதலிய பாலுள்ள ஒரே குடும்பச் செடிகளையே உண்ணும். கத்தரி, மிளகாய், வெங்காயம், நெல் ஆகியவற்றில் வைத்தாலும் உண்ணாது பட்டினியாற் சாகும். கத்தரிக்காயைத் துளைக்கும் புழு தண்டிற்குள்ளும் காய்க்குள்ளும் மறைந்திருப்பது. வெங்காயப் புழு தாளின் உட்குழாயில் இருப்பது. வேலிக்குத் தெளிக்கும் மருந்து இவற்றில் ஒன்றையேனும் கொல்லாது. எருக்கலைப் பூவை நாடிவரும் வண்டுகளையும் தேனீக்களையும், பீடைப் புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் சிறு குளவிகளையும், சிலந்திகளையுமே அது கொல்லும். பூசணியும் பாகலும் காய்ப்பதற்கு மகரந்தத்தைக் கொண்டுசெல்லும் பூச்சிகள் தேவை என்பதை மறத்தலாகாது.

எனினும், வண்ணத்துப்பூச்சிகள் யாவும் தீங்கற்றவை எனக் கொள்ளவும் கூடாது. தேசி, தோடைக் கன்றுகளின் இலையை உண்ணும் புழுவும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுவே. அது இளமையிற் பறவையின் எச்சம் போலவும், முதிர்ந்தபின் பச்சையாகவும் தோன்றும். தொட்டால் தலைக்குப் பின்னால் இரு கொம்பு போன்ற சதையை நீட்டி மணம் வீசும். சிறு கன்றுகளில் இதனைக் கையாற் பொறுக்கி அழித்தல் போதுமானது.

அவதானிக்கும் முறை

1. வீட்டருகேயுள்ள எருக்கலையொன்றைத் தெரிந்து, நாள்தோறும் காலையில் அதே நேரத்திற் பார்க்க வேண்டும்.

2. இலையின் அடிப்புறத்தைத் திருப்பி முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகியவற்றின் தொகையைத் திகதியுடன் கொப்பியில் எழுத வேண்டும்.

3. அடுத்துள்ள பயிரில் அதே புழு உண்டா என்பதையும் பார்த்து எழுத வேண்டும். ஒரு மாதம் எழுதினால் ஐயம் தானே நீங்கும்.

4. எருக்கலைப் பால் கண்ணிற் பட்டால் கடும் புண்ணை உண்டாக்கும். செடியைத் தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். இவ்வேலையிற் சிறுவர் சேர்ந்தால் பெரியோர் உடனிருத்தல் வேண்டும்.

படம்பிடிக்கும் முறை

இக்காலத்தில் கைத்தொலைபேசியே இதற்குப் போதும். வெயில் ஏறுமுன், பூச்சி சிறகை விரித்துக் குளிர்காயும் வேளையே ஏற்றது. சூரியன் படம்பிடிப்பவரின் பின்புறமாக இருக்கட்டும். ஆயினும் அவரது நிழல் பூச்சியின்மேல் விழலாகாது. விழுந்தால் அது பறந்துவிடும். மெல்லக் குனிந்து அணுகி, தூரத்தில் நின்று படத்தைப் பெருப்பிப்பதை விடுத்து, கிட்டச் சென்று பல படங்கள் எடுக்க வேண்டும்.

சிறகின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுத்தல் நன்று. ஏனெனில் வேறோர் இனத்தின் பெண்பூச்சி, பறவைகளிடமிருந்து தப்புவதற்காக எருக்கலை வண்ணத்துப்பூச்சியின் வடிவையே பெற்றுள்ளது. அதன் பின்சிறகின் நடுவே மேற்கூறிய 3, 4 கரும்புள்ளிகள் இரா. புழுவைப் படம்பிடிக்கும்போது அது உண்ணும் செடியின் இலையும் படத்தில் தெரிய வேண்டும். அருகில் அடிமட்டமொன்றை வைத்தால் அளவும் விளங்கும். பெயர் தெரியாத புழுவைப் பயிரிற் கண்டால், மருந்து வாங்குமுன் இவ்வாறான படத்தைப் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுதல் வேண்டும்.

பிறநாட்டு அனுபவம்

மேலே கூறிய மொனாக் வண்ணத்துப்பூச்சிகள் மாரியைக் கழிப்பதற்காக, சில 4,000 கிலோமீற்றர் வரை பறந்து, மெக்சிக்கோவின் மலைக்காடுகளை அடைகின்றன. அவை தங்கும் இடம் 1975ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்க்குத் தெரியவந்தது. அவற்றின் புழுக்களும் எருக்கலைக் குடும்பச் செடிகளையே உண்பன. ஐக்கிய அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து சோளம், சோயா வயல்களிற் களைநாசினி மிகுதியாகத் தெளிக்கப்பட்டதால் அச்செடிகள் பெரிதும் அருகின. மொனாக் இனம் குறைந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. இன்று அந்நாட்டில் வீட்டுத் தோட்டங்களில் அச்செடியை மீண்டும் நட்டு வருகின்றனர்.

இங்கு எருக்கலை வேலியோரத்தில் தானே முளைக்கின்றது. பயிருக்கு இடையூறு செய்யாத இடத்தில் ஓரிரு செடிகளை விட்டுவைப்பதற்குச் செலவேதும் இல்லை. பூச்சியை முதலிற் பார்த்தறிக, பின்னரே மருந்தைப் பற்றி எண்ணுக. இவ்வழக்கம் கமக்காரரின் பணத்தையும் பயிருக்குத் துணைசெய்யும் பூச்சிகளையும் ஒருங்கே காக்கும்.