விளையாட்டுக் கணிப்பொறியும் குடும்பச் சிக்கனமும்

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வீட்டுப் பிள்ளை ஒரு விண்ணப்பத்தோடு வந்து நிற்கிறான். விளையாட்டுகள் தடையின்றி ஓடத்தக்க கணிப்பொறி ஒன்று வேண்டுமாம். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தானே பூட்டிக்கொள்வானாம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சாமராஜநகரில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு எழத்தான் செய்கிறது. தகப்பனார் சேர்த்து வைத்த பணமோ அளவானது. அதை எவ்வாறு பங்கிட்டால் பின்னர் வருந்த நேராது என்பதை ஆராய்வோம்.

கணக்கைத் திரையிலிருந்து தொடங்குவதே முறை. முழு எச்.டி. எனப்படும் திரையில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 புள்ளிகள் உள்ளன. மொத்தம் ஏறத்தாழ 20.7 லட்சம். காட்சி தடுமாறாமல் ஓட வேண்டுமாயின், வினாடிக்கு 60 முறை இவை அனைத்தையும் புதிதாகத் தீட்டியாக வேண்டும். 4கே திரையிலோ புள்ளிகள் நான்கு மடங்கு; உழைப்பும் அதற்கேற்பப் பெருகும். ஆகவே சிக்கனம் நாடுவோர் முழு எச்.டி.யோடு நின்றுகொள்வது நலம்.

புள்ளிகளைத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. ஆட்டத்தின் போக்கைக் கணக்கிடுவது பிராசசரின் வேலை. பணத்தின் பெரும்பங்கு முன்னதற்கே செல்ல வேண்டும். விலையுயர்ந்த பிராசசரை வாங்கிவிட்டு எளிய கார்டைப் பூட்டுவது, தேர்ந்த கணக்கரை அமர்த்திவிட்டு ஓவியனுக்குத் தூரிகை வாங்கித் தராததை ஒக்கும். எடுத்துக்காட்டாக, 2022-இல் வெளிவந்த ரைசன் 5 5600 பிராசசரும், 2021-இல் வெளிவந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டும் முழு எச்.டி. திரைக்குப் பொருந்திய இணையாகும்.

கார்டுக்குப் பணம் போதாதவர் மனம் தளர வேண்டுவதில்லை. ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரில் படம் தீட்டும் பகுதியும் உள்ளேயே அமைந்திருக்கிறது. எளிய ஆட்டங்களுக்கு அது போதும். கார்டை அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்ளலாம். அவ்வாறாயின், 16 ஜி.பி. நினைவகத்தை ஒரே துண்டாக வாங்காமல், 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்குக. தரவு இரு வழிகளில் பாய்வதால் வேகம் கூடும். இந்தப் பிராசசர்கள் ஏ.எம்.4 மதர்போர்டிலும் டி.டி.ஆர்.4 நினைவகத்திலும் மட்டுமே இயங்கும். 2022-இல் வந்த ஏ.எம்.5 பலகை டி.டி.ஆர்.5-ஐயே ஏற்கும். ஒன்றை மற்றொன்றில் பூட்ட இயலாது.

இனி, பலரும் கஞ்சத்தனம் காட்டும் இடத்துக்கு வருவோம். அதுவே பவர் சப்ளை. மேற்சொன்ன பிராசசருக்கு 65 வாட், கார்டுக்கு 132 வாட் என்று தயாரித்தோர் குறித்துள்ளனர். மற்ற உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், 500 அல்லது 550 வாட் பவர் சப்ளை தாராளமாகப் போதும். ஆனால் அது உண்மையான 550 ஆக இருக்க வேண்டும். பெட்டியோடு மலிவாகச் சேர்த்துத் தரும் பெயரறியாச் சரக்கு பழுதுற்றால், தான் மட்டும் கெடாமல் மற்ற உறுப்புகளையும் உடன் கெடுத்துவிடக்கூடும். எனவே பெட்டியின் வண்ண விளக்குகளில் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

எங்கே வாங்குவது? பெங்களூரில் எஸ்.பி. சாலையும் சென்னையில் ரிச்சி தெருவும் பெயர் பெற்றவை. 2017 முதல் சரக்கு சேவை வரி நாடெங்கும் ஒரே வீதமாதலால், வரிக்காக மாநிலம் தாண்டுவதில் ஆதாயமில்லை. பழுதுற்ற பொருளை மாற்ற எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்பதையே எண்ணிப் பார்க்க வேண்டும். விலையில் சிறிது கூடினாலும், சாமராஜநகரில் இருப்போருக்கு மைசூர்க் கடை அருகில் உள்ளது. ரசீதைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். திரை, கார்டு, பிராசசர், மதர்போர்டு, நினைவகம், பவர் சப்ளை என்று வரிசையாக எழுதச் சொல்லி, ஒன்றோடொன்று பொருந்துமா என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள். அவன் தயங்கும் வரியில் நாமும் சற்று நின்று விசாரித்துவிட்டுக் கடைக்குப் புறப்படுவோம்.