பால் இல்லை... க்ரீம் இல்லை... வீட்டிலேயே ஜில் ஜில் பழ ஐஸ்!

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் ஐஸ்க்ரீம் பேச்சு எழாத வீடே இருக்காது. ஆனால், எல்லோராலும் அதைச் சாப்பிட முடிவதில்லை. சிலருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது; வயிறு உப்பும், பேதியாகும். சில குழந்தைகளுக்குப் பால் புரதமே ஒவ்வாமை. கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பில் தடிப்பு, உதட்டில் வீக்கம், மூச்சுத்திணறல் என்று ஆபத்தில் முடியலாம். பிறந்தநாள் விழாவில் மற்ற பிள்ளைகள் கப்பைச் சுரண்டிக்கொண்டிருக்க, அந்தக் குழந்தை மட்டும் வேடிக்கை பார்க்கும்.

கடையில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருப்பதைப் பார்த்து, 'இதில் பால் இல்லை' என்று நினைத்துவிடக் கூடாது. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்க்கப்பட்டிருந்தாலும், பால் பவுடர் போன்றவை பெரும்பாலும் அதில் இருக்கும். குச்சி ஐஸ் வாங்கினாலும் லேபிளில் பால் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இந்தக் கவலையே இல்லாமல், குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வீட்டுப் பழ ஐஸ்தான் சுலபமான வழி.

க்ரீமின் வேலையைப் பழமே செய்யும்!

தண்ணீர் உறையும்போது பெரிய பெரிய ஐஸ் துகள்களாக மாறினால், வாயில் நறநறவென்று இருக்கும். ஐஸ்க்ரீமில் அதைத் தடுப்பது கொழுப்பும் சர்க்கரையும். வாழைப்பழம், மாம்பழம், சப்போட்டா போன்ற சதைப்பற்றுள்ள பழங்களில் இனிப்பும் நார்ச்சத்தும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. தர்பூசணியில் 90 சதவிகிதத்துக்கும் மேல் தண்ணீர்தான். அதனால், அதை க்ரீம்போல ஆக்க முயல வேண்டாம். துருவல் ஐஸாகச் செய்வதே ருசி.

இன்னொரு விஷயம்... குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். எனவே, நன்றாகப் பழுத்த பழமாக எடுத்தால் சர்க்கரையே தேவைப்படாது.

வாழைப்பழ ஐஸ்க்ரீம்

தேவையானவை: தோலில் கரும்புள்ளி விழுந்த மோரிஸ் பழம் அல்லது செவ்வாழை - 3, கெட்டித் தேங்காய்ப்பால் - 2 டேபிள்ஸ்பூன், ஏலக்காய்த்தூள் - ஒரு சிட்டிகை.

செய்முறை: பழத்தை வட்டமாக நறுக்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, மூடி 5 மணி நேரம் ஃப்ரீசரில் வைக்கவும். பிறகு மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு அரைக்கவும். முதலில் பொடிப்பொடியாக உதிரும். தேங்காய்ப்பால், ஏலக்காய்த்தூள் சேர்த்து, ஓரத்தை வழித்துவிட்டு மீண்டும் அரைத்தால் வெண்ணெய்போலத் திரண்டு வரும். உடனே பரிமாறவும்.

மாம்பழக் குச்சி ஐஸ்

தேவையானவை: நாரில்லாத மாம்பழம் - 2, முதல் தேங்காய்ப்பால் - அரை டம்ளர், உப்பு - ஒரு சிட்டிகை.

செய்முறை: எல்லாவற்றையும் நைஸாக அரைத்து, குல்ஃபி அச்சிலோ சிறிய எவர்சில்வர் டம்ளரிலோ ஊற்றவும். உறையும்போது உப்பும் என்பதால், மேலே அரை அங்குலம் இடம் விடவும். ஒரு மணி நேரம் கழித்துக் குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும். 8 மணி நேரம் உறைந்ததும், அச்சின் வெளிப்பக்கத்தைச் சில விநாடிகள் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஐஸ் கழன்று வரும்.

தர்பூசணித் துருவல் ஐஸ்

விதை நீக்கிய தர்பூசணித் துண்டுகள் 3 கப் எடுத்து, 4 புதினா இலையுடன் அரைத்து வடிகட்டவும். அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கவும். முக்கால் மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கிளறிவிடவும். நான்கைந்து முறை கிளறினால் பூப்போன்ற துருவல் ஐஸ் தயார்.

கவனம் தேவை!

* ஃப்ரீசரில் கிருமிகள் சாகாது, தூங்கும், அவ்வளவுதான். தண்ணீர் சேர்ப்பதென்றால் கொதிக்க வைத்து ஆறிய நீரை மட்டுமே சேர்க்கவும். பழத்தை நறுக்கும் முன் தோலோடு கழுவவும்.

* பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு என்றால், மோர் அடித்த மிக்ஸி ஜாரையும் பால் ஐஸ் வைத்த அச்சையும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே பயன்படுத்தவும்.

* உறைந்த திராட்சை பெரியவர்களுக்கு அருமையான கொறிப்பு. ஆனால், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுத் திராட்சையோ, உறைந்த பழத் துண்டுகளோ தரக் கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சடைக்கலாம். அவர்களுக்கு அரைத்துச் செய்த ஐஸே பாதுகாப்பு.

* கரன்ட் போய் உருகிய ஐஸை மறுபடி உறைய வைக்க வேண்டாம். உருகிச் சில்லென்று இருக்கும்போதே ஜூஸாகக் குடித்துவிடலாம்.

* மூடியுள்ள டப்பாவில் வைத்தால் ஃப்ரிட்ஜ் வாசனை ஏறாது. இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டால் ருசி மாறாது.

* சர்க்கரை சேர்க்கவில்லை என்பதற்காக நீரிழிவு உள்ளவர்கள் அளவில்லாமல் சாப்பிட முடியாது. மாம்பழத்திலும் வாழைப்பழத்திலும் இயல்பாகவே சர்க்கரை அதிகம். தினமும் சாப்பிடும் பழத்தின் அளவிலேயே இதையும் கணக்கு வைக்க வேண்டும்.

* பழ ஐஸில் பாலில் கிடைக்கும் கால்சியமும் புரதமும் இருக்காது. பாலைத் தவிர்க்கும் குழந்தைகளுக்குக் கேழ்வரகு, எள், கீரை, பருப்பு என்று தினசரி உணவில் சேர்ப்பது முக்கியம். பாலை முழுவதும் நிறுத்தும் முன் மருத்துவரிடம் ஆலோசிக்க வேண்டும்.

சனிக்கிழமை இரவு மாம்பழக் கலவையை அச்சில் ஊற்றி வைத்தால், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா முதல் பேத்தி வரை எல்லோர் கையிலும் ஒரே குச்சி ஐஸ் இருக்கும். 'உனக்கு மட்டும் வேண்டாம்' என்று யாரையும் தடுக்க வேண்டியதில்லை!